காலைக் காட்டுங்கள்

எங்கள் பக்கத்தில் வயது போனவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வைத்தியர் கேட்டால் நாக்கை நீட்டுவார்கள், சட்டையைத் தூக்கி நெஞ்சைக் காட்டுவார்கள், கேட்காமலே கிளினிக் கொப்பியைப் பையிலிருந்து எடுத்து விரித்துப் பிடிப்பார்கள். பாதத்தை மட்டும் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொள்வார்கள். வெடித்த குதிக்கால், கறுத்த பெருவிரல் நகம், எவ்வளவு தேய்த்தாலும் வயற்சேறு போகாத விரலிடுக்கு. இதைப் போய் வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் தூக்கி வைப்பதா என்ற கூச்சம். பெரியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்குத் தங்கள் கால் இன்னொருவர் கையில் இருப்பது தாங்காது. தாதியாக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் மல்லுக்கட்டியது பாதி நோயோடு, மீதி இந்தக் கூச்சத்தோடு.

சீனி வருத்தம் இல்லாத வீடு மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் இப்போது அரிது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாட்டில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. வளர்ந்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று அது சொன்னது. யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. கணக்கில் சேராவிட்டால் என்ன, கிளினிக் வரிசையில் எங்கள் ஆட்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பிறகு 2018, 2019இல் எடுத்த இன்னொரு தேசிய ஆய்வில் அந்த எண் 23 சதவீதத்துக்குப் போய்விட்டது. நான்கு பேர் கூடியிருந்து தேத்தண்ணி குடித்தால் அதில் ஒருவர் சீனி போடாத தேத்தண்ணி கேட்கவேண்டியவர் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கிறாரா என்பது வேறு கதை.

இரத்தத்தில் சீனி பல வருடம் கூடிக் கிடந்தால் கண், சிறுநீரகம், இருதயம் எல்லாம் அடி வாங்கும். அதெல்லாம் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். நான் சொல்ல வந்தது நரம்பைப் பற்றி. அதிலும், நரம்பு கெட்டதால் இரவில் கால் எரிந்து நித்திரை இல்லாமல் கிடப்பவர்களைப் பற்றி. சீனி வருத்தம் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்புச் சேதம் வரும் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் வலிப்பதில்லை. வலிக்கிறவர்களுக்கு அது சாதாரண வலியும் இல்லை.

"பகலெல்லாம் ஒண்டுமில்ல மிஸ். ராவானாத்தான் காலுக்குள்ள நெருப்பு வெச்ச மாதிரி." இதை நான் எத்தனையோ வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். சிலருக்கு எரிவு, சிலருக்கு ஊசி குத்து, சிலருக்கு மின்சாரம் அடித்தமாதிரி ஒரு சுள்ளென்ற இழுப்பு. போர்வை காலில் பட்டால் தாங்காது என்று மார்கழிக் குளிரிலும் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. சாரத்தின் கரை கணுக்காலில் உரசியதற்கு முகம் சுளித்த ஒரு மனிதரை எனக்கு நல்ல ஞாபகம். நாற்பது வருடம் வட்டையில் மாடு சாய்த்தவர், சாரத்தின் கரைக்குத் தோற்றுப்போனார். இன்னொருவர் சாமம் ஒரு மணிக்குக் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து காலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். வீட்டுக்காரருக்கு அது ஒரு கரைச்சல். "கிழவனுக்கு நித்திர வராட்டி வளவில உள்ள நாய்க்கும் நித்திர இல்ல" என்று மருமகள் என்னிடம் முறையிட்டாள். அவளையும் பிழை சொல்ல முடியாது. காயம் இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. எதை வைத்து நம்புவது?

அந்தக் கிணற்றுக் கட்டு மனிதர்தான் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "மிஸ், இந்தக் கால் செத்துப்போச்சு. கிள்ளினாலும் தெரியாது. ஆனா எரியுது. செத்த கால் எப்பிடி மிஸ் எரியும்?"

இந்த நோயைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதைவிடச் சரியான கேள்வி இல்லை. உடம்பிலேயே நீளமான நரம்பு முள்ளந்தண்டிலிருந்து கால்விரல் நுனிவரை போவது. சீனி கூடும்போது நரம்புக்குப் போகும் மெல்லிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன, நரம்பும் உள்ளிருந்து நலிகிறது. உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைக்கோடி வயல்தானே, அதுபோல நரம்பின் கடைக்கோடியான விரல்கள்தான் முதலில் அடிபடும். வெளியிலிருந்து வரும் செய்தியை ஏற்ற முடியாமல் போன நரம்பு, யாரும் கேட்காமலே தானாகப் பொய்ச் செய்தி அனுப்பத் தொடங்கும். மூளை அதை நெருப்பு என்று வாசிக்கும். ஆகவே கிள்ளினால் தெரியாது, ஒன்றும் செய்யாமலே எரியும். இரண்டும் உண்மை. இதை நான் அவருக்கு வாய்க்கால் கணக்கிலேயே சொன்னேன். வயற்காரர், உடனே பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்குப் புதிதாக மருந்து ஒன்றும் எழுதப்படவில்லை. ஆனாலும் போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தனக்கு விசர் இல்லை என்று தெரிந்ததே அவருக்குப் பெரிய விஷயம்.

எரிவு ஆளைப் படுத்தும், ஆனால் காலைத் தின்பது எரிவில்லை, விறைப்பு. இதை எங்கள் ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. வாவிக்குள்ளே மாந்தீவு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொழுநோயாளருக்கென்று ஆஸ்பத்திரி கட்டிய தீவு. ஊரை விட்டுப் பிரித்து, தண்ணீருக்கு நடுவே மனிதரை வைத்த இடம். என் சின்ன வயதில் அந்தப் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். விரல் அழுகி விழும் நோய் என்றுதான் எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

அது அழுகி விழுவதில்லை என்று உலகத்துக்குக் காட்டியவர் கொல்லிமலையில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர். போல் பிராண்ட் என்று பெயர். பாதிரிமார் குடும்பத்தில் 1914இல் அங்கே பிறந்து, இலண்டனில் சத்திரசிகிச்சை படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று வருடக்கணக்காகக் கவனித்தார். வலி தெரியாததால் அவர்கள் சுடுசட்டியை வெறுங்கையால் தூக்குகிறார்கள், ஆணி ஏறிய காலோடு நடக்கிறார்கள், நித்திரையில் எலி விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. கிருமி நரம்பை மட்டும்தான் கொல்கிறது, மிச்ச அழிவை வலி தெரியாத அன்றாட வாழ்க்கை செய்துமுடிக்கிறது என்று அவர் கண்டார். 1966இல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்துத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதே கால்களை நீரிழிவுக்காரரிடமும் பார்த்தார். அதே இடத்தில் புண், அதே பெருவிரலின் அடிப்பக்கம். பாதத்தில் தொடுகை இருக்கிறதா என்று பார்க்க இன்று கிளினிக்குகளில் வைத்திருக்கிறோமே, தொட்டு அழுத்தினால் 10 கிராம் பாரத்தில் வளையும் நைலோன் இழை, அதைப் பாதத்துக்குப் பழக்கப்படுத்தியதில் கார்விலுக்குப் பெரிய பங்குண்டு. தொழுநோய் வாட்டில் காலைக் கழுவிக் கட்டுப்போட்டுக் கற்ற பாடம்தான் நீரிழிவுக் கிளினிக்குக்கு வந்தது. எனக்கு இது நெடுநாள் தெரியாது. தெரிந்தபிறகு கல்லடிப் பாலத்தால் போகும்போதெல்லாம் மாந்தீவின் நினைப்பு வேறுவிதமாக வரத் தொடங்கியது.

சரி, தாதி என்னதான் செய்வாள்? எங்கள் நாட்டில் தாதி மருந்து எழுதுவதில்லை. பிரித்தானியாவில் அதற்கென்று படித்த தாதியர் எழுதுகிறார்கள், இங்கே அது வைத்தியரின் வேலை. அப்படியிருக்க இந்த நோயில் தாதிதான் முன்னுக்கு நிற்கவேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் நேரம். கிளினிக் நாளில் வைத்தியருக்கு முன்னால் நூறு, நூற்றைம்பது பேர். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, குளிசை இருக்கா, அடுத்தவர். அந்த இரண்டு நிமிடத்தில் "ராவைக்குக் கால் எரியுது" என்று தொடங்கும் கதைக்கு இடமில்லை. சனத்துக்கும் அது தெரியும். அதனால் சொல்லமாட்டார்கள். தாதியிடம்தான் சொல்வார்கள், அதுவும் இரத்தம் எடுக்கும்போது, பேச்சோடு பேச்சாக.

அந்தப் பேச்சைக் கேள்வியாக்கப் பழகவேண்டும். எரிகிறதா, குளிர்ந்து நோகிறதா, மின்சாரம்போல் அடிக்கிறதா, கூசுகிறதா, ஊசி குத்துகிறதா, விறைக்கிறதா, கடிக்கிறதா. ஏழு கேள்வி. பிறகு தொட்டு, குத்தி, மெதுவாய் வருடி மூன்று சோதனை. பிரான்ஸ்காரர் ஆக்கிய ஒரு சிறிய படிவம் இது. பத்தில் நாலுக்கு ஓம் வந்தால் நரம்பு வலியாக இருக்கத்தான் கூடிய வாய்ப்பு. பிறகு நானாகச் சேர்த்துக்கொண்ட ஒரு கேள்வி உண்டு: "ராவைக்கு எத்தனை தரம் எழும்புறீங்க?" பூச்சியம் முதல் பத்துவரை வலிக்கு மார்க்ஸ் போடச் சொன்னால் எங்கள் ஆட்கள் ஒன்றில் பத்து என்பார்கள் அல்லது சிரிப்பார்கள். எழும்பிய கணக்கு மட்டும் பிசகாது. அதைக் கொப்பியில் எழுதிவைத்தால் அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாம், வைத்தியரும் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்வார்.

அடுத்தது குளிசை. நரம்பு வலிக்குப் பனடோல் பெரிதாக உதவாது. கடையில் வாங்கிப் போடும் டைக்லோஃபெனாக் போன்றவை உதவாததோடு சீனிக்காரரின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதற்கென்று உள்ளவை வேறு: அமிட்ரிப்டிலின், துலொக்ஸற்றின், பிரிகாபலின், கபாபென்டின். 2022இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஒரு பரிசோதனை, ஷெஃபீல்ட் நகரத்து சொலமன் டெஸ்ஃபாயே என்ற வைத்தியர் தலைமையில் 130 பேரை வைத்துச் செய்தது, இதில் முதல் மூன்றில் எந்த மருந்திலிருந்து தொடங்கினாலும் கடைசியில் கிடைக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்று காட்டியது. ஒரு மருந்து போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்பது பலருக்கு உதவியது. 16 வாரத்தில் வலி சராசரியாக 6.6இலிருந்து 3.3க்கு இறங்கியது. கவனியுங்கள், பூச்சியத்துக்கு இறங்கவில்லை. பாதியாயிற்று. பழைய, மலிவான அமிட்ரிப்டிலினும் அந்த வரிசையில் தலைநிமிர்ந்து நின்றது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஏழை நாட்டுத் தாதிக்கு இதைவிட நல்ல செய்தி என்ன?

ஆனால் அந்தப் பாதியை எட்டுவதற்குள் பாதிப்பேர் குளிசையை விட்டுவிடுவார்கள். மண்டூர்ப் பக்கத்திலிருந்து பாதை (வாவியைக் கடக்கும் படகை இங்கே இப்படித்தான் சொல்வோம்) ஏறிக் குருமண்வெளியில் இறங்கிக் கிளினிக்குக்கு வரும் ஒருவர், அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்து இரண்டு கிழமையில் கோபமாய் வந்தார். மகன் போனில் தேடிப் பார்த்திருக்கிறான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசை என்று இருந்திருக்கிறது. "எனக்கென்ன மிஸ் விசரா? கால் எரியுதெண்டா மண்டைக்கு மருந்து தாறீங்க."

அவரை உட்காரவைத்து, அந்தக் குளிசை முதலில் மனச்சோர்வுக்கு வந்தது உண்மை என்றும், மிகக் குறைந்த அளவில் நரம்பின் பொய்ச் செய்தியை அடக்கும் என்பது பிறகு தெரிந்தது என்றும் சொன்னேன். வாய் காயும், மலம் இறுகும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், இரவில் எழும்பும்போது தலை சுற்றலாம், ஆகையால் கட்டிலில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புங்கள் என்றேன். சலம் போக முன்பே கஷ்டம் உள்ளவரா, இருதய வருத்தம் உண்டா என்று கேட்டுக் கொப்பியில் குறித்து வைத்தியரிடம் அனுப்பினேன். பலன் தெரிய மூன்று நாலு கிழமை செல்லும் என்றேன். "இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். யார் சொல்வது? அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் கிளினிக்கில் ஒரு தாதி தனியாக வேண்டும் என்கிறேன். பிறகு அவர் இரவில் ஐந்து தரம் எழும்பியது இரண்டாய்க் குறைந்தது. எரிவு நின்றதா என்று கேட்டால் "இருக்கு, ஆனா சமாளிக்கலாம்" என்பார்.

கேட்கவேண்டிய வேறு சிலவும் உண்டு. பல வருடம் மெட்ஃபோர்மின் போடுபவருக்கு பி12 உயிர்ச்சத்துக் குறைந்தும் கால் விறைக்கலாம். அதைச் சோதித்து ஊசி போட்டால் தேறலாம். மது குடிப்பவரா என்று கேட்கவேண்டும், அதுவும் நரம்பைத் தின்னும். கசிப்புக் குடிப்பவர் இல்லை என்றுதான் சொல்வார், மனைவியின் முகத்தைப் பார்த்தால் தெரியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நெடுநாள் கூடிக் கிடந்த சீனியை இன்சுலின் போட்டு மிக வேகமாக இறக்கினால் சிலருக்குக் கால் எரிவு புதிதாக வரும் அல்லது கூடும். "இன்சுலின் போட்டுத்தான் கால் எரியத் தொடங்கினது" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவரைச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டால் ஊசியை நிற்பாட்டிவிடுவார். பெரும்பாலும் மாதங்கள் போக அந்த எரிவு தணியும், சீனியைப் படிப்படியாக இறக்கலாம் என்று சொன்னால் நிற்பார்.

இந்த மாதிரித் தாதியரை உண்டாக்கும் முயற்சி எங்கள் நாட்டில் நடக்காமல் இல்லை. இலங்கை மருத்துவச் சங்கம் உலக நீரிழிவு அறக்கட்டளையின் உதவியோடு நடத்திய 'நிரோகி லங்கா' திட்டத்தில் நீரிழிவுக் கல்விக்கென்று தாதிய உத்தியோகத்தர்களைப் பயிற்றினார்கள். அதற்கும் முன்பு, 2004இல் இந்தியாவிலும் தன்சானியாவிலும் தொடங்கிய 'படிப்படியாக' என்ற பாதப் பராமரிப்புத் திட்டம் எனக்குப் பிடித்தது. ஓர் ஊரிலிருந்து வைத்தியர் மட்டும் பயிற்சிக்கு வரக்கூடாது, கூடவே ஒரு தாதியோ துணை மருத்துவப் பணியாளரோ வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. இரண்டு பேரும் ஒரே பாடத்தைக் கேட்டு ஊர் திரும்பினால்தான் திங்கட்கிழமை அது வேலையாகும். கருத்தரங்குக்குப் போய் சான்றிதழோடு திரும்பிய வைத்தியர்களை நான் நிறையப் பார்த்தவள். அவர்கள் கற்றுவந்ததைச் செய்ய வாட்டில் இன்னொரு கை இருக்காது. தாதி மட்டும் கற்றுவந்தால் கேட்க ஆள் இருக்காது.

எங்கள் பகுதிக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. வாவியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இறால் பிடிப்பவர் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்குவாரா? மட்டி ஓடு வெட்டினால் அவருக்குத் தெரியாது, கரையேறி வீட்டுப் படியில் இரத்தத்தடம் பார்த்த பிள்ளை சொன்னால்தான் தெரியும். அம்மன் கோயில்களில் தீமிதிப்பு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை, பொத்துவில் தாண்டி உகந்தை, குமண, யால காடு என்று வெறுங்காலில். நான் கும்பிடாதவள் இல்லை. என் தாயும் தீ மிதித்தவர். நேர்த்தியை விடுங்கள் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அடுத்த முறை அவர் கிளினிக்குக்கு வரமாட்டார், தீக்குப் போவார். நான் கேட்பது வேறு: நேர்த்தி வைக்கும்போது காலில் உணர்ச்சி இருந்ததா? அம்மன் காலைக் காப்பாற்றுவா, கொப்புளம் வந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை, ஆகவே மிதித்த அன்றே என்னிடம் வந்து காட்டுங்கள். நேர்த்தியைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. யாத்திரைக்காரரிடம் தடித்த காலுறையும் சப்பாத்தும் போட்டு நடந்தால் முருகன் கோபிக்கமாட்டான் என்றேன். சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள்.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து ஆட்களோடு இந்த விஷயத்தில் எனக்கு வேலை சுகம். தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது ஒரு நாளைக்கு ஐந்து தரம் காலைக் கழுவுகிறார்கள். "கழுவுற நேரம் உள்ளங்காலைத் திருப்பி ஒருக்காப் பாருங்க, குனிய ஏலாட்டி கண்ணாடி வெச்சுப் பாருங்க, பிறகு விரலுக்கு இடையில ஈரம் இல்லாம துடைங்க" என்று சொன்னால் போதும். புதிதாக ஒரு பழக்கத்தைப் பழக்கவேண்டியதில்லை. ஒரு மௌலவி இதைக் கேட்டுவிட்டு ஜும்மாவில் சொல்கிறேன் என்றார், சொல்லியும் இருக்கிறார். அடுத்த கிழமை மூன்று பேர் தாமாகவே காலைத் தூக்கிக் காட்டினார்கள்.

எரிவுக்கு வீட்டில் செய்யும் வைத்தியங்களில் சித்தாலேப பூசுவது பாவமில்லை, விரலிடுக்கை விட்டுப் பூசட்டும். ஆனால் சுடுதண்ணியில் கால் வைப்பதும், சூட்டு ஒத்தடம் கொடுப்பதும், இரவு முழுக்கத் தண்ணீர் வாளிக்குள் காலைப் போட்டு வைத்திருப்பதும் வினை. விறைத்த கால் சூட்டை அறியாது. ஊறிய தோல் கிழியும். கிணற்றுக் கட்டில் இருந்த அந்த மனிதருக்கும் அதைத்தான் சொன்னேன். நனைத்துத் துடைத்த துவாயை ஐந்து நிமிடம் போடுங்கள், பிறகு காலை நன்றாகத் துடையுங்கள், கொஞ்ச நேரம் வளவுக்குள் செருப்போடு நடவுங்கள்.

யுத்த காலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கண்ணிவெடியில் கால் போனவரை ஊரே அறியும். எந்த நாள், எந்த இடம் என்றுகூடச் சொல்வார்கள். சீனியில் கால் போனவர் அதைவிட மெல்லமாய்ப் போனார்: முதலில் ஒரு விரல், பிறகு பாதி பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. 2007வரை வாவியின் அக்கரையான படுவான்கரையிலிருந்து வவுணதீவு வழியாய் இந்தப் பக்கம் வருவதென்றால் சோதனைச் சாவடிகளைத் தாண்டவேண்டும். காலில் ஒரு சின்னப் புண்ணுக்காக யார் அந்தப் பாடு படுவார்கள்? வந்தபோது புண் சின்னதாய் இருக்கவில்லை. அந்தக் கால்களுக்கு நினைவுக்கல் கிடையாது.

அறுபதைத் தாண்டியபோது எனக்கும் சீனி வந்தது. சில வருடத்தில் எரிவும் வந்தது. புத்தகத்தில் உள்ளதெல்லாம் எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மனப்பாடம். ஆனாலும் கிளினிக்கில் அந்தச் சின்னப்பிள்ளை, என் மகளைவிட இளையவள், குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்து "அம்மா, காலைத் தாங்க" என்றபோது என் கால் கதிரைக்குக் கீழே போயிற்று. கூச்சம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் உள்ளிருந்து தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தன் மடியில் ஒரு துவாயை விரித்துக் காத்திருந்தாள். வைத்தேன். இழையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஓர் இடத்தில் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஊகித்துச் சொல்லலாமா என்றுகூட மனம் போனது. வயது போனால் இப்படித்தான், சோதனையிலும் பாஸ் பண்ண நினைக்கிறோம்.

முதுமையில் மற்றவரிடம் கை நீட்டக்கூடாது என்று சொல்லி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. கால் நீட்டுவது அதைவிடக் கஷ்டம். ஆனால் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பெத்தாவின் காலைப் பார்ப்பதில் எந்த அருவருப்பும் இல்லை, அருவருப்பு எங்களுக்குத்தான். அந்தப் பிள்ளைகளிடமே ஒரு சோதனையைக் கொடுத்துவிடலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தது, எந்தக் கருவியும் வேண்டாம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு படுக்கட்டும். பிள்ளை சுட்டுவிரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் மூன்றின் நுனியையும் இரண்டு காலிலும் மெதுவாய் ஒரு நொடி, இரண்டு நொடி தொடட்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தெரியவில்லை என்றால் திரும்பத் தொடவும் கூடாது. தொட்ட உடனே எந்தக் கால் என்று பெரியவர் சொல்லவேண்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள்.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்குகளில் பல குளிசைகள் இல்லாமல் போயின. வெளியில் வாங்கப் பலரிடம் காசும் இல்லை. ஓய்வு பெற்ற எங்களில் சிலர் அப்போது வீடு வீடாகப் போய்க் கால் பார்த்தோம். எரிவைக் குறைக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. புண்ணைப் பிடிக்க முடிந்தது. ஒரு பெத்தாவின் பாட்டா செருப்புக்குள் ஒரு சின்னக் கல் இருந்தது. எத்தனை நாளாய் இருந்ததோ, அவவுக்குத் தெரியாது. செருப்பைப் போடமுன் கவிழ்த்துத் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இனி, கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக்கூடாத சிலதைச் சொல்லிவைக்கிறேன். விரல் கறுத்தால், புண்ணிலிருந்து சீழோ நாற்றமோ வந்தால், புண்ணைச் சுற்றிச் சிவந்து காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே போகவேண்டும். இதெல்லாம் பார்த்தால் எவருக்கும் பயம் வரும், போவார்கள். பயம் வராத ஒன்று இருக்கிறது: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். நோவு அவ்வளவாய் இருக்காது, புண்ணும் இருக்காது. சுளுக்கு என்று பரியாரியிடம் போய் எண்ணெய் போட்டு உருவி, அந்தக் காலாலேயே நடந்து திரிவார்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலை ஊன்றாமல், ஆட்டோவோ மோட்டார் சைக்கிளோ பிடித்து, களுவாஞ்சிகுடிக்கோ மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போய்விடுங்கள். பாதை அக்கரைக்குப் போய்விட்டால் துறையிலேயே கால் நீட்டி இருந்து அடுத்த பாதையைப் பிடியுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டுக்குத் திரும்பவேண்டாம்.